வில்லங்கம் போட்டுப் பார்த்தல்

வில்லங்கச் சான்றின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். மனுவில் சொத்தை நாம் விவரித்திருக்கும் விதமும் பதிவான பத்திரத்தில் அது விவரிக்கப்பட்டிருக்கும் விதமும் வேறுபட்டால், அந்தப் பத்திரம் இந்தச் சான்றில் வராது என்பது அதன் சாரம். வீடு வாங்குகிறவர்கள் 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று பார்த்ததும் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தக் குறிப்பைத்தான் முதலில் வாசிப்பார். ராஜபாளையத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர் அவர். ஒரு பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தேடிப் பார்க்காத வில்லங்கம் வில்லங்கமே இல்லை என்பது அவர் கட்சி.

அதற்குக் காரணம் இருந்தது. அன்றைக்கு வில்லங்கம் என்பது ஒரு ஆள் உட்கார்ந்து அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டி எடுப்பது. நிலம், வீடு பற்றிய பத்திரங்களுக்கு 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் இரண்டு அட்டவணைகளைச் சொல்கிறது. முதலாவதில் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். இரண்டாவதில் சொத்து விவரம். ராமசாமி என்பவர் 'ரா' வரிசையில் இருப்பார். அதே மனிதர் இன்னொரு பத்திரத்தில் இராமசாமியாகி 'இ' வரிசைக்குப் போயிருப்பார். எங்கள் ஊர் ராஜுக்கள் வீட்டில் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் வரும். அதை ஒரு பத்திரத்தில் முழுக்க எழுதியிருப்பார்கள், இன்னொன்றில் ஓரெழுத்தாகச் சுருக்கியிருப்பார்கள், மூன்றாவதில் விட்டேவிட்டிருப்பார்கள். 'ரா'வில் தேடியபோது சுத்தமாக இருந்த ஒரு வீடு, 'இ'யில் தேடியபோது அடமானத்தில் இருந்ததை அப்பா கண்டுபிடித்ததுண்டு. எழுதிய யாரும் பொய் எழுதவில்லை. இரண்டு எழுத்தும் சரி. அட்டவணைக்குத்தான் அவர்கள் இரண்டு மனிதர்கள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அந்தத் திண்ணையில்தான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். செக்குபந்தி, தாய்ப்பத்திரம், கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி என்ற சொற்கள் வாய்ப்பாட்டுக்கு முன்பே எனக்குப் பாடம். அப்பா எழுதும்போது ஒரு சொல்லை அடிக்க நேர்ந்தால் சுரண்ட மாட்டார், மை பூச மாட்டார். ஒரே கோடு, அடியில் இருக்கும் சொல் வாசிக்கக் கிடைக்க வேண்டும். பக்கத்தின் முடிவில், எத்தனையாவது வரியில் எதை அடித்து எதை எழுதியது என்று குறித்து, அதற்கும் எழுதிக்கொடுப்பவரிடம் கையெழுத்து வாங்குவார். அடித்தலும் வரிநடுவே எழுதியதும் கையொப்பத்தால் உறுதிசெய்யப்படவில்லை என்றால், பதிவு செய்ய மறுக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சார்பதிவாளருக்குக் கொடுக்கிறது.

பதிவான பிறகு தவறு தெரிந்தால்? பழைய பத்திரத்தை யாரும் தொடக்கூடாது. பிழைதிருத்தல் பத்திரம் என்று புதிதாக ஒன்று எழுதிப் பதிய வேண்டும். முதலில் எழுதிய பிழையும் பின்னால் எழுதிய திருத்தமும் இரண்டுமே புத்தகத்தில் இருக்கும். ஒவ்வொரு பத்திரத்தின் மீதும் அது தாக்கலான நாள், நேரம், இடம், தாக்கல் செய்தவரின் கையெழுத்து. ஒவ்வொன்றுக்கும் தொடர் எண், ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடியும் வரிசை. நடுவில் ஓர் எண் காணாமல் போனால் போனது உடனே தெரிந்துவிடும். இந்தக் கணக்கை யோசித்து எழுதியவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் கையில் இருந்தது மையும் தாளும் மட்டும்தான்.

வழக்கு என்று வந்துவிட்டால் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறுவார். 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரித்து விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் அமைத்த பிறகும், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். கோர்ட்டுக்குப் போகிறபோது அவர் கையில் இருப்பது பதிவுப் புத்தகம் அல்ல, சான்றிட்ட நகல். புத்தகம் பதிவறையைவிட்டு வெளியே போகாது. வக்கீல்கள் அந்த நகலைத்தான் பிரித்து வைத்துக்கொண்டு வரிவரியாகச் சண்டை போடுவார்கள், பென்சிலில் கோடு போடுவார்கள், ஓரத்தில் கேள்விக்குறி இடுவார்கள். மூலத்துக்கு ஒரு கீறலும் விழாது. மூலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அந்த நகலே சாட்சி என்று 57ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது.

2000இல் தமிழ்நாட்டுப் பதிவுத்துறை 'ஸ்டார்' திட்டம் கொண்டுவந்தது. அட்டவணைகள் கணினிக்குள் போயின. 2018இல் 'ஸ்டார் 2.0' வந்தபோது பத்திர விவரங்களை இணையவழியில் சமர்ப்பிக்கும் முறை வந்தது. இன்றைக்கு வில்லங்கத்தை வீட்டிலிருந்தே கைப்பேசியில் போட்டுப் பார்க்கலாம். எனக்கும் வேலை கணினியோடுதான். அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

ஊரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதுவது என்று சிலர் சேர்ந்தோம். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த ராஜபாளையம் மில்லிலிருந்து தொடங்கி மில் வேலைக்காரர்களின் நினைவுகள், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணித் தறிகள், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தது என்று அத்தியாயங்கள். எழுதுகிறவர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில், இன்னொருவர் சிங்கப்பூரில், மற்றவர்கள் இங்கே. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தாளில் எழுத வசதியாக எதர்பேட் என்ற மென்பொருளை ஒரு சர்வரில் நிறுவினேன். அதில் ஒவ்வொரு தாளுக்கும் 'பேட்' என்று பெயர். ஒவ்வொருவர் எழுத்தும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். மில்லில் வேலை பார்த்த பெரியப்பா ஒருவர் கைப்பேசியில் மெதுவாகத் தட்டுவதைச் சிங்கப்பூரில் இருப்பவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எதர்பேடை 2008இல் ஆப்ஜெட் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. 2009 டிசம்பரில் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது; சேவையை மூடப்போகிறார்கள் என்றதும் பயன்படுத்தியவர்கள் போட்ட சத்தத்தில் அதே மாதம் நிரல் முழுவதும் பொதுவில் விடப்பட்டது. பிறகு தன்னார்வலர்கள் அதை நோட் ஜேஎஸ்ஸில் புதிதாக எழுதினார்கள். அதைத்தான் இன்று யாரும் இறக்கித் தங்கள் சர்வரில் போட்டுக்கொள்கிறார்கள். பலர் ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒருவர் எழுத்து இன்னொருவர் எழுத்தைத் தின்றுவிடாமல் இணைக்கும் கணக்கை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989லேயே எழுதி வைத்திருந்தார்கள்.

புத்தகம் பாதி வளர்ந்ததும், பின்னால் சேர்க்கப் பெயர் அட்டவணை வேண்டியிருந்தது. உரையிலிருந்து ஊர்ப்பெயர், ஆள்பெயர், தொழிற்சொற்களைப் பொறுக்கி வரிசைப்படுத்த ஒரு சின்ன நிரல் எழுதினேன். அது கொடுத்த பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இருந்தது. அதற்குக் கீழே 'ஷிப்டு'. அதற்கும் கீழே, மறுபடியும், ஸ்ரீவில்லிபுத்தூர். முதல் ஊருக்குச் சில பக்க எண்கள், இரண்டாவது ஊருக்கு வேறு பக்க எண்கள். இரண்டையும் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புள்ளி வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஸ்ரீ என்பதற்குத் தனி எண் கிடையாது. நான்கு எண்களைச் சேர்த்து எழுதுவது. ஸ என்ற எழுத்துக்கு 3000, புள்ளிக்கு 3021, ர-வுக்கு 2992, ஈகாரக் குறிக்கு 3008. நெடுநாள் இப்படித்தான் எழுதிவந்தோம். வடமொழியில் அந்த ஒலி வேறு எழுத்து என்பதால், 2005இல் வந்த யூனிகோடு 4.1இல் அதற்கென்று ஓர் எழுத்து தமிழுக்குச் சேர்ந்தது. அதன் எண் 2998. அது முதல் ஸ்ரீ என்பதை 2998இல் தொடங்கி எழுதுவதே முறை என்று யூனிகோடு சொல்கிறது. பழைய உரைகள் எல்லாம் 3000இல் தொடங்குகின்றன. எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைகின்றன. இரண்டுக்கும் நடுவில் 2999ஆக இருப்பது ஷ. அதனால்தான் ஒரே ஊர் இரண்டாகி, நடுவில் ஷிப்டு வந்து உட்கார்ந்தது.

கோயில் கோபுரத்தையே அடையாளமாகக் கொண்ட ஒரு ஊரின் பெயரை, தேடினால் பாதிதான் கிடைக்கிறது என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. ஊர்ப்பெயர், கோயில் பெயர், ஆள்பெயர் என்று ஸ்ரீயில் தொடங்கும் அத்தனைக்கும் இதே கதிதான். நாளைக்கு ஒருவர் மின்நூலில் தேடுவார், இல்லை என்று வரும், இல்லை என்றே நம்பிப் போய்விடுவார்.

எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். தட்டுகிறவர்களின் விசைப்பலகையா, பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டியபோது மாறியதா, எதர்பேடே சேர்த்து இணைக்கும்போது மாற்றுகிறதா? மென்பொருள்தான் மாற்றுகிறது என்றால் அது வேறு வேலை. இப்போதைய உரையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அது வளர்ந்த விதத்தைப் பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கை வைக்கவும் கூடாது, ஆட்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கென்றே எதர்பேடோடு ஒரு கருவி வருகிறது. 'எக்ஸ்ட்ராக்ட் பேட் டேட்டா' என்று பெயர். ஒரு பேடின் பெயரைக் கொடுத்தால், தரவுத்தளத்தில் அந்தப் பேடுக்குச் சொந்தமான பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனிக் கோப்பாக்கிக் கொடுக்கும். மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். கோப்பை என் கணினிக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு சோதனை எதர்பேடில் திறந்து, என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். கட்டளையைக் கொடுத்துவிட்டுக் கோப்பைத் திறந்தபோது, சான்றிட்ட நகல்தான் என் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஒப்புமை மேம்போக்கானது அல்ல என்பது உள்ளே படிக்கப் படிக்கத் தெரிந்தது.

உள்ளே உரை என்று ஒன்று பிரதானமாக இல்லை. திருத்தங்கள்தான் இருக்கின்றன, பூஜ்யத்தில் தொடங்கித் தொடர் எண்ணோடு. ஒவ்வொரு திருத்தத்திலும் யார் செய்தது என்ற அடையாளம், எந்த நொடியில் செய்தது என்ற நேரம், என்ன செய்தது என்ற குறிப்பு. அந்தக் குறிப்பு மிகச் சுருக்கமானது: முன்பு உரையின் நீளம் இவ்வளவு, இப்போது இவ்வளவு கூடியது அல்லது குறைந்தது, தொடக்கத்திலிருந்து இத்தனை எழுத்தை அப்படியே விடு, இத்தனையை நீக்கு, இத்தனையைச் சேர். கடைசியில் ஒரு டாலர் குறி. சேர்க்க வேண்டிய எழுத்துகள் அதற்குப் பின்னால். எண்களைப் பத்தடிமானத்தில் எழுதாமல் முப்பத்தாறடிமானத்தில் எழுதுகிறார்கள், இடம் மிச்சமாகும் என்று. நூறு திருத்தத்துக்கு ஒருமுறை அந்த நேரத்து முழு உரையும் சேர்த்து வைக்கப்படுகிறது. இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்திலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். பழைய திருத்தம் எதுவும் மாற்றப்படுவதில்லை. பிழை திருத்தினால் அது புதிய எண்ணில் புதிய பதிவு. நடுவில் ஓர் எண் இல்லாவிட்டால் சரிபார்க்கும் கருவி சொல்லிவிடும்.

நாள், நேரம், கையெழுத்து, தொடர் எண், பழையதைத் தொடாமல் புதியதைச் சேர்ப்பது. அப்பா இருந்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டியிருப்பேன்.

திருத்தங்களை வரிசையாக ஓட்டி, ஸ்ரீ நுழையும் இடங்களை மட்டும் எண்களாக அச்சிட்டுப் பார்த்ததில் விடை சீக்கிரமே வந்தது. எதர்பேட் எதையும் மாற்றவில்லை. கொடுத்ததை அப்படியே வைத்திருக்கிறது. சிலர் கைப்பேசி விசைப்பலகை 2998 கொடுக்கிறது, சிலர் கணினி 3000 கொடுக்கிறது. பழைய எழுத்துருவில் தட்டி வைத்திருந்த கட்டுரைகளை மாற்றிக் கொண்டுவந்து ஒட்டிய இடங்களில் எல்லாம் 3000. பாமினி, வானவில் என்று எழுத்துருவுக்கு ஒரு குறியீடாக இருந்த காலத்துக் கோப்புகள் அவை. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகும் அச்சகங்களில் அவை நெடுநாள் புழங்கின. யார் எழுதியதும் தவறு இல்லை. உரையில் கை வைக்காமல், அட்டவணை நிரலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி ஒரு வரி சேர்த்தேன். மின்நூலின் தேடலிலும் அப்படியே. 'இ'யிலும் பார், 'ரா'விலும் பார் என்று அப்பா சொல்வாரே, அந்த வேலைதான்.

ஸ்ரீ தீர்ந்தது. ஆனால் திருத்தங்களை ஓட்டிக்கொண்டிருந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

மில் வேலைநிறுத்தம் பற்றிப் பெரியப்பா எழுதிய பகுதியில், நள்ளிரவுக்குப் பிறகு தட்டிய ஒரு பத்தி இருந்தது. கூடவே இருந்த ஒருவர் நிர்வாகத்துக்குச் சேதி சொன்னதாக, அவர் பெயரோடு. கொஞ்ச நேரத்தில் பெயரை அழித்திருக்கிறார். பிறகு வாக்கியத்தை. பிறகு பத்தி முழுவதையும். புத்தகத்தில் அது இல்லை. எங்களில் யாருக்கும் தெரியாது. கோப்பில் ஒவ்வொரு அழிப்பும் நொடிக்கணக்கோடு இருந்தது. ஓரத்து அரட்டைப் பெட்டியில் பேசிக்கொண்டவையும் இருந்தன. கோப்பு வேண்டியதே இல்லை, எதர்பேடின் காலப்பட்டையை இழுத்துப் பார்த்தால் பேடின் சுட்டி கையில் உள்ள யாருக்கும் அந்தப் பத்தி தெரியும். அப்படி ஒரு பட்டை இருப்பது பெரியப்பாவுக்குத் தெரியாது.

இங்கேதான் அந்தக் காலம் இந்தக் காலத்தைவிட நுணுக்கமாக இருந்தது என்று சொல்வேன். அப்பாவின் திண்ணையில் ஒரு பாகப்பிரிவினைக்கு முன்னால் எவ்வளவோ பேச்சு நடக்கும். அண்ணன் தம்பி வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்வார்கள், எடுக்கச் சொல்வார்கள். டிராப்டு நாலு தடவை மாறும். பத்திரம் முடிவாகிக் கையெழுத்தானதும், டிராப்டுகளை எல்லோர் முன்னிலையிலும் கிழித்துப் போட்டுவிடுவார் அப்பா. கையெழுத்துக்குப் பிறகு நடப்பதுதான் பதிவு. அதற்கு முன்னால் மனிதர்கள் தயங்கியது அவர்களோடு போயிற்று. பதிந்ததிலும் சட்டம் கோடு போட்டிருக்கிறது. நிலம், வீடு பற்றிய முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். உயில்கள் உள்ள மூன்றாம் புத்தகத்திலிருந்து, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ தவிர யாருக்கும் நகல் கிடையாது. பதிவறையில் வேலை பார்க்கிறவர் என்பதால் அதைப் படித்துவிட்டு ஊரில் சொல்ல முடியாது. பிழை தேடுகிறவள் என்ற காரணத்தால் எனக்கு மட்டும் அந்த உரிமை எங்கிருந்து வந்தது?

பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"அழிச்சது எல்லாமா இருக்கு?"

"ஆமா பெரியப்பா. எழுதினது, அழிச்சது, எத்தனை மணிக்குன்னு எல்லாம்."

"நீ படிச்சியா?"

"அந்தப் பத்தி கண்ணுல பட்டுச்சு."

கொஞ்சம் யோசித்தார். "அவன் பிள்ளைங்க இங்கதான் இருக்காங்கம்மா. நான் நினைச்சது நிசமான்னே எனக்கு இப்ப உறுதியா தெரியல. அதனாலதான் அழிச்சேன்."

அவருடைய அத்தியாயத்தை, வரலாறு இல்லாமல் உரையை மட்டும் புதிய பேடுக்கு எடுத்துச் செல்லும் வசதியைப் பயன்படுத்தி மாற்றினேன். எதர்பேடில் அதுவும் இருக்கிறது. பழைய பேடை நீக்கினேன், சர்வரின் பேக்கப்பிலும் தேடி நீக்கினேன், என் கணினியில் இருந்த கோப்பையும் அழித்தேன். அதனால் அந்த அத்தியாயம் எப்படி வளர்ந்தது என்ற வரலாறு போய்விட்டது. வருங்காலத்தில் ஆராய்கிறவருக்கு அது நஷ்டம் என்று சிங்கப்பூர் நண்பர் வாதாடினார். நஷ்டம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை ஏற்கவோ மறுக்கவோ உரிமை உள்ளவர் பெரியப்பா.

மற்ற அத்தியாயங்களுக்கு இப்போது ஒரு முறை வைத்திருக்கிறோம். பிழை தேடப் பதிவுகளை எடுத்தால், சர்வரைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் ஒரு நிரல் அதன்மேல் ஓடும். டாலர் குறிக்குப் பின்னால் உள்ள எழுத்துகளில், தேடும் பிழைக்குத் தேவையானவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஒவ்வொன்றையும் க-வாக மாற்றும். முழு உரை சேர்த்துவைத்த இடங்களிலும் அப்படியே. வரிமுடிவுகள் அதே இடத்தில் இருக்கும், நீளங்கள் மாறாது. அதனால் திருத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும், பிழையும் அப்படியே திரும்ப வரும். ஆள்பெயர்களுக்குப் பதில் எண்கள். அரட்டை கோப்பிலேயே வராது. ஸ்ரீக்கு ஐந்து எண்கள் போதும்: 2998, 3000, 3021, 2992, 3008. இந்த முறையில் எடுத்த கோப்பை வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். க க க என்று நீளும் பக்கங்களுக்கு நடுவில் இரண்டு விதமான ஸ்ரீயும், முன்பு கண்ட அதே திருத்த எண்களில், அதே நேரங்களில் நின்றன. இந்த வேலையைச் செய்ய மனிதர்களின் சொற்களைப் படிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

புதிதாக எழுத வருகிறவர்களுக்குப் பேடின் முதல் வரியில் இப்போது இப்படி இருக்கிறது: இங்கே எழுதுவதும் அழிப்பதும் பதிவாகும், காலப்பட்டையில் எல்லோருக்கும் தெரியும், மனசில் இருப்பதை முதலில் தனித்தாளில் எழுதிப் பாருங்கள், பிழை தேடப் பதிவுகளை எடுத்தால் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்போம்.